காலை நேரத்து உதடு

பல்லக்காவுக்கு நாற்பத்து நான்கு வயதில் ஓர் ஆசை இருந்தது. தான் செய்த ஒரு பொருளுக்கு நாலு பேர் கைதட்ட வேண்டும். மற்றவர்கள் ஏங்குகிற வீடு, நகை, புருஷன் எதையும் அவள் கேட்கவில்லை. கைதட்டல் போதும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. சிரிக்கத்தான் செய்திருப்பார்கள்.

அவள் பிழைப்பு அப்படிப்பட்டது. பதினேழு வயதிலிருந்து ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து அடுத்தவர் வாய்க்குப் பல் செட் செய்துவந்தாள். டாக்டர் பெரிய சோம்பேறி. அளவு எடுக்கிற வேலையையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டார். ரோஸ் நிற மாவைத் தண்ணீரில் குழைத்து, தட்டில் வைத்து, நோயாளியின் வாய்க்குள் அழுத்திப் பிடித்து, அது இறுகும் வரை காத்திருந்து, சட்டென்று கழற்றுவாள். அந்தக் குழிக்குள் கல்லாக இறுகும் மாவைக் கரைத்து வார்த்தால் அந்த மனுஷனின் வாய் அப்படியே மேஜை மேல் வந்து உட்கார்ந்துவிடும். அதை வைத்து மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதித்து முடிக்க மூன்று நாள் ஆகும். இத்தனை பாடுபட்டாலும், நல்ல பல் செட் என்றால் என்ன? அது பல் செட் என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. போட்டுக்கொண்டவன் கல்யாண வீட்டில் ஈயென்று இளிப்பான், பார்க்கிறவர்கள், "இந்த வயசுலயும் என்னமா பல்லு!" என்று அவனைப் பாராட்டுவார்கள். செய்தவள் பின்னறையில் தூசியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கைதட்டலெல்லாம் அவள் தம்பிக்குத்தான். நகரத்தின் பெரிய ஹோட்டலில், கண்ணாடி விளக்குகள் தொங்குகிற ஹாலில், தினமும் மாலை வாத்தியக் குழு வாசிக்கும். அதில் ட்ரம்பெட் இவன். அம்மா போனபோது இவளுக்குப் பதினேழு, அவனுக்கு ஒன்பது. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். இவள் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள், அவன் இசைப் பள்ளிக்குப் போனான். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. அவன் ஊதினால் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் இருபத்தேழு வருடம் ஓடிவிட்டது. மாடியில் இரண்டு அறை. ஓர் அறையில் அவன் காலையில் ஊதுவான், இன்னோர் அறையில் இவள் காதைப் பொத்திக்கொண்டு டீ போடுவாள்.

அவன் கெட்டவன் இல்லை. ஹோட்டலில் மிஞ்சும் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றித் தினமும் அவளுக்குக் கொண்டுவருவான். ஜுரம் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். ஆனால் வாய் ஓயாது. குழுவை நடத்துகிற மாஸ்டர் என்ன சொன்னார், யார் எழுந்து நின்று தட்டினார்கள், எந்த இடத்தில் ஹால் மூச்சு விடாமல் இருந்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்வான். உன் வேலை எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்க மாட்டான். பல்லில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஆஸ்பத்திரியை விட்டு வேறு இடத்தில் சேர்ந்தபோது, "பொம்மை கம்பெனி, ரப்பர் வேலை" என்று சொன்னதோடு பேச்சு முடிந்துவிட்டது. என்ன பொம்மை என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பொம்மைதான். ஆனால் ஆள் உயரப் பொம்மை. இரண்டு கால், இரண்டு கை, இடுப்பு வளையும், கழுத்து திரும்பும், கோட்டு போட்டுவிட்டால் பத்தடி தூரத்தில் மனுஷன் என்றே நினைப்பீர்கள். எல்லாம் வாத்தியம் வாசிக்கிற இயந்திரங்கள். முதலில் பியானோ வாசிக்க ஒன்று செய்தார்கள். பிறகு வயலினுக்கு ஒன்று, டிரம்ஸுக்கு ஒன்று. விரல் நுனிக்கு மெத்தென்ற தோல் செய்யத்தான் பல்லக்காவை எடுத்தார்கள். ஈறு செய்த கை ஆயிற்றே, விரல் நுனி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த மூன்று இயந்திரங்களையும் வாங்கியது அதே ஹோட்டல். அங்கே வாசித்துக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் கைகுலுக்கி, பூங்கொத்து கொடுத்து, வாசல் வரை கொண்டுபோய் விட்டார்கள். மாஸ்டரும் ட்ரம்பெட்டும்தான் மனுஷர்களாக மிஞ்சினார்கள்.

தம்பி அதற்கெல்லாம் அசரவில்லை. ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு உதட்டைத் தட்டிக் காட்டுவான்.

"விரல் யாரு வேணா செஞ்சிரலாம்க்கா. இதுக்கு உதடு வேணும். உதடு கடையில விக்கறானா? மெஷினால ட்ரம்பெட் ஊத முடியாது. நான் கெழவனாகுற வரைக்கும் அந்த நாற்காலி எனக்குத்தான்."

"சரிடா, சாப்பிடு" என்பாள் அவள்.

அவன் சொன்னது பொய்யில்லை. நான்காவது இயந்திரம் பட்டறையில் ஒரு வருடமாக உட்கார்ந்திருந்தது. ட்ரம்பெட் ஊத வேண்டிய இயந்திரம். கோட்டும் பூவுமாக உட்கார்ந்த இடத்திலேயே இருந்துகொண்டு எல்லோரையும் வேலை வாங்கியதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். மாப்பிள்ளைக்கு உதடு அமையவில்லை. தொழிற்சாலை ரப்பரில் உதடு செய்து ஊதவிட்டால் ஆடு கத்தியது. தடிமனைக் கூட்டினால் மாடு கத்தியது. இன்ஜினியர் ஓர் இளம்பெண், பல்லக்காவை விடப் பதினைந்து வயது சின்னவள். நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நிஜமா ஊதற ஒருத்தரோட உதட்ட அச்சு எடுக்கணும், அக்கா. வேற வழியில்ல. ஆனா கேட்ட எட்டுப் பேரும் முடியாதுன்னுட்டாங்க."

"எப்படி ஒத்துப்பாங்க மேடம்? தன் தலையில தானே மண்ண அள்ளிப் போட்டுக்க யாரு வருவா?"

இதைச் சொன்ன வாயோடுதான் அன்று வீட்டுக்குப் போனாள். அப்போது மனதில் ஒன்றும் இல்லை என்று பின்னாளில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். நாம் நம்ப வேண்டியதில்லை. மாலை நிகழ்ச்சி முடிந்து ஏழு மணிக்குத் தம்பி வந்தான். ரொட்டியை வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, பேசாமல் நின்றான். அவன் பேசாமல் நின்றால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

"அக்கா, மேல் பல்லு ஒண்ணு ஆடுதுக்கா. அழுத்தி ஊதினா வலிக்குது. பல்லு போச்சுன்னா நான் தீர்ந்தேன்."

"வாயத் திற." விரலால் அசைத்துப் பார்த்தாள். கொஞ்சம்தான் ஆடியது. "இதுக்கா இந்த மூஞ்சி? பின்பக்கமா மெல்லிசா ஒரு உறை போட்டா அசையாம நிக்கும். வெளிய தெரியாது."

"ஊதறதுக்கு இடைஞ்சலா இருக்குமா?"

"அதுக்குத்தான் ஊதற மாதிரி உதட்ட வெச்சே அளவு எடுக்கப் போறேன். உக்காரு."

வாயில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பல்லுக்கு உறை போட உதட்டை அளவெடுக்க வேண்டியதே இல்லை. ஒரு பல் டாக்டர் பக்கத்தில் இருந்திருந்தால் மூக்கில் விரல் வைத்திருப்பார். தம்பிக்கு என்ன தெரியும்? அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உட்கார்ந்து, கண்ணை மூடி, உதட்டை ட்ரம்பெட்டுக்குக் கொடுப்பது போல் இறுக்கிக் கொடுத்தான். ஐந்து நிமிடம் மூக்கால் மூச்சு விட்டான். அச்சைக் கழற்றி ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்தாள்.

மறுநாள் அதில் உதடு வார்த்தாள். உள்ளே பல்லோடு ஒட்டும் பக்கம் கொஞ்சம் கெட்டி, நடுவில் அதைவிட மெது, வெளியே இன்னும் மெது என்று மூன்று அடுக்கு. மாப்பிள்ளைக்குப் பொருத்தி ஊதவிட்டார்கள். ஆடும் இல்லை, மாடும் இல்லை. ட்ரம்பெட் பேசியது. இன்ஜினியர் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். யாருடைய உதடு என்று கேட்டாள்.

"தெரிஞ்சவங்க. பேர் வேண்டாம்னு சொன்னாங்க."

ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. கீழ் ஸ்வரங்கள் மணி மணியாக வந்தன. மேலே போகப் போக சத்தம் கரகரத்து, ஓர் இடத்துக்கு அப்பால் வெறும் காற்றுதான் வந்தது. காற்று பம்பை மாற்றினார்கள். தாடை மோட்டாரை மாற்றினார்கள். ட்ரம்பெட்டையே மாற்றினார்கள். இரண்டு வாரம் ஆகியும் மாப்பிள்ளை மேல் ஸ்வரத்தில் மூச்சிரைத்து நின்றது. வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம், அதற்குமேல் இந்த இயந்திரத்தை மூட்டை கட்டிவிடலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடித்தது பல்லக்காதான், அதுவும் பட்டறையில் இல்லை, சமையலறையில். திங்கட்கிழமை காலை தம்பி எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் உதட்டை அவள் பார்த்தாள். மெல்லிய உதடு. பட்டறையில் மேஜை மேல் கிடக்கிற அச்சை நினைத்துப் பார்த்தாள். அது தடித்த உதடு. ஒரு கணம் இரண்டு வேறு ஆட்கள் என்றே தோன்றியது. அப்புறம்தான் பளிச்சென்று விளங்கியது. இரண்டு மணி நேரம் உலோகத்தை அழுத்தி ஊதிவிட்டு வந்தவனிடம் அளவெடுத்திருக்கிறாள். மாலையில் உதடு வீங்கியிருக்கும். ராத்திரி தூங்கி எழுந்தால் வடிந்துவிடும். களைத்துப்போன உதட்டை மாப்பிள்ளைக்கு மாட்டிவிட்டு, ஏன் மேலே ஏற மாட்டேன் என்கிறாய் என்று பம்பைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பல் செட் கட்டுகிறவளைத் தவிர வேறு யாரும் செய்யாத தப்பு. பல் காலையிலும் அதே பல், சாயங்காலமும் அதே பல். இருபத்தைந்து வருடத்தில் ஒரு நோயாளியிடமும் அவள் மணி பார்த்து அளவெடுத்ததில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டிருந்தால் வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையைத் துணி போட்டு மூடியிருப்பார்கள், தம்பி கிழவனாகும் வரை அவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அவளுக்கும் ஒன்றும் குடி முழுகிவிடாது. எப்போது வேண்டுமானாலும் திரும்பி வா என்று சோம்பேறி டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தாள் என்று பின்னால் யாரும் அவளுக்காகப் பரிந்து பேசக் கூடாது.

செவ்வாயும் வாய் திறக்கவில்லை. புதன்கிழமை மாலை, இத்தனை வருடத்தில் முதல் முறையாக, சொல்லாமல் கொள்ளாமல் ஹோட்டலுக்குப் போனாள். அவன் வாசிப்பதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்தாளோ என்னவோ. நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். தம்பி அவளை ஹால் வாசலிலேயே பார்த்துவிட்டான். கோட்டும் சூட்டுமாக நாலைந்து பேரோடு நின்று பேசிக்கொண்டிருந்தவன், முகமெல்லாம் மலர்ந்து கையைப் பிடித்து இழுத்தான்.

"இவங்க எங்க அக்கா. பல்லு கட்டறவங்க. யாருக்காவது பல்லு ஆடுச்சுன்னா கூச்சப்படாம சொல்லுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் வாயை மூடிக்கொண்டு பயந்தது போல் நடித்தார். அதற்கும் சிரித்தார்கள். பல்லக்காவும் சிரித்தாள், வேறு என்ன செய்வது? உட்கார நாற்காலி இல்லை. காலித் தட்டுகளை அடுக்குகிற மூலையில் நின்று கேட்டாள். சும்மா சொல்லக் கூடாது, அன்று பிரமாதமாக ஊதினான். பியானோ இயந்திரமும் வயலின் இயந்திரமும் தலையை ஆட்டி ஆட்டி வாசிக்க, நடுவே இவன் ஒருத்தன் மனுஷனாக, நெற்றி நரம்பு புடைக்க மேலே மேலே ஏறினான். முடிந்ததும் ஹால் எழுந்து நின்றது. அவன் மைக்கை வாங்கி நன்றி சொன்னான். மாஸ்டருக்கு, மேனேஜருக்கு, இசைப் பள்ளி வாத்தியாருக்கு, விளக்கு போடுகிறவனுக்குக்கூட. தட்டு அடுக்குகிற மூலைப் பக்கம் அவன் கண் போகவே இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை. ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். கைதட்டல் ஓயும் முன்பே அவள் கிளம்பிவிட்டாள்.

வியாழக்கிழமை அவனுக்கு வார விடுமுறை. விடிந்ததும் அவன் அறைக் கதவைத் தட்டினாள்.

"இன்னிக்கு ட்ரம்பெட்ட தொடாத. அந்த உறை சரியா பொருந்தல. மறுபடி அளவெடுக்கணும்."

"அதானே பார்த்தேன், ரெண்டு வாரமா காணுமேன்னு" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். உறையாவது ஒன்றாவது! அவள் அதைச் செய்யத் தொடங்கவே இல்லை.

மாவைக் கொஞ்சம் நிதானமாக இறுகும்படி குளிர்ந்த தண்ணீரில் குழைத்தாள். அவன் உதட்டை இறுக்கிக் கொடுத்தான். மூக்குக்குக் கீழே தொடங்கி மோவாய் வரை பூசி மூடினாள். "ஆடாத. உதடு துளி அசைஞ்சாலும் எல்லாம் பாழ்." அவன் கண்ணாலேயே சரி என்றான். கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நிமிடம். அவன் ஏழு நிமிடம் சேர்ந்தாற்போல் வாயை மூடிக்கொண்டு இருப்பது, அவளுக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. இருபத்தேழு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தவளுக்குப் பேச ஒரு நேரம் கிடைத்தது. பேசினாள்.

"இது உன் பல்லுக்கு இல்லடா. நான் வேலை பாக்கறது வாத்தியம் வாசிக்கற மெஷின் செய்யற பட்டறையில. உங்க ஹால்ல இருக்கற மூணுக்கும் விரல் செஞ்சது நான்தான். இப்ப ட்ரம்பெட்டுக்கு ஒண்ணு வருது. அதுக்கு உன் உதடு. போன தடவை எடுத்ததும் அதுக்குத்தான். அது வீங்கின உதடு, சரியா வரல. இது வந்துரும்."

அவன் கண் பெரிதாகத் திறந்தது. இமைக்கவில்லை.

"நீ கையைத் தூக்கி இதப் பிய்ச்சுப் போட்டா போதும். நாளைக்கு அந்த மெஷின மூடிருவாங்க. உன் நாற்காலி உனக்கு. நான் தடுக்க மாட்டேன்." அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். "பல்லு கட்டறவங்கன்னு சொல்லி நேத்து சிரிச்சியே. நான் பல்லு கட்டித்தான் உனக்கு அந்த ட்ரம்பெட் வந்துச்சு. விளக்கு போடறவனுக்கெல்லாம் நன்றி சொன்ன. எனக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யாராவது கைதட்டணும்டா. அதுக்கு உன் உதடு வேணும்."

அவன் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து, ரோஸ் நிற மாவின் ஓரத்தில் தங்கியது. மூக்கால் வேக வேகமாக மூச்சு வந்தது. பிய்த்து எறியப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள். எறிந்துவிட்டால் தேவலை என்றும் ஒரு பக்கம் இருந்தது. நாலு நிமிடம், ஐந்து, ஆறு. உதடு அசையவில்லை. ஏழாவது நிமிடம் அவளே ஓரத்தைத் தளர்த்தி அச்சைக் கழற்றினாள்.

அவன் முதலில் கேட்டது இதுதான்: "சரியா வந்துச்சா?"

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உதட்டின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. இவ்வளவு சுத்தமான அச்சை அவள் வாழ்நாளில் எடுத்ததில்லை.

"வந்துச்சு. ஏன்டா பிய்ச்சுப் போடல?"

"நீதானே ஆடாதன்னு சொன்ன."

எழுந்து முகம் கழுவப் போனான். அவள் அந்த அச்சைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும். தம்பி மேல் பாசம் இல்லாமல் இல்லை. இத்தனை வருடம் எனக்கு எதுவுமே தராதவன் என்று யாரை நினைத்துப் பொருமினாளோ, அவன் கேட்டதும் கொடுத்துவிட்டான். அதற்கப்புறமும் அவள் அழுத்தவில்லை. அச்சு நன்றாக வந்திருந்தது. ஈரத்துணியில் சுற்றினாள், பையில் வைத்தாள், பஸ் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை ஊதியது. மேலே, அதற்கும் மேலே, மூச்சே வாங்காமல் ஏறியது. பட்டறையில் ஒருவர் பாக்கியில்லாமல் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். மூன்று வாரத்தில் ஹோட்டலோடு பேச்சு முடிந்தது. தம்பிக்கும் கைகுலுக்கிப் பூங்கொத்து கொடுக்கும் நாள் குறித்தார்கள்.

அப்போது ஒரு சின்னச் சிக்கல் முளைத்தது. ட்ரம்பெட் குளிர்ந்து கிடந்தால் ஸ்வரம் கொஞ்சம் இறங்கி நிற்கும். மனுஷன் ஊதினால் மூச்சின் சூட்டில் அது தானே சரியாகிவிடும். பம்பிலிருந்து வருவது குளிர்ந்த காற்று. ஹாலில் பியானோவோடு சேர்ந்து வாசித்தபோது மாப்பிள்ளை மயிரிழை அளவு கீழேயே நின்றது. சூடேற்ற ஒரு கம்பிச்சுருள் வைக்கலாம், ஆனால் அடுத்த மாடலில்தான் முடியும் என்றாள் இன்ஜினியர். மேனேஜர் மோவாயைத் தடவினார். பிறகு பூங்கொத்து வாங்க வந்திருந்த தம்பியைக் கூப்பிட்டார்.

"நீங்க போக வேண்டாம் தம்பி. வாசிக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ட்ரம்பெட்டுக்குள்ள மூச்சு விட்டுக் குடுத்தாப் போதும், சூடாயிரும். முடிஞ்சதும் துடைச்சு வைக்கணும். ஆனா சத்தம் வரக்கூடாது, கேட்டீங்களா? காத்து மட்டும்."

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி பூங்கொத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சரி என்றான். வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதை ஒரே வரியில் சொன்னான். "ஹால்லயே இருக்கலாம்ல" என்றான். அதற்கப்புறம் மாடியில் காலை வேளையில் ட்ரம்பெட் சத்தம் கேட்கவில்லை. அவள் காதைப் பொத்தாமல் டீ போட்டாள்.

முதல் நாள் நிகழ்ச்சி சனிக்கிழமை மாலை. ஹாலில் நிற்க இடமில்லை. பல்லக்கா பக்கவாட்டுக் கதவருகே, மாற்று உதடு இருந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி எதிர்ப்பக்கத்தில், திரைக்குப் பக்கத்தில். கறுப்புச் சட்டை போட்ட பணியாள் வரிசையில் ஒருவனாகத் திரும்பி நின்று ட்ரம்பெட்டுக்குள் மூச்சை விட்டுக்கொண்டிருந்தான். மூச்சு உள்ளே போனது, சத்தம் ஒன்றும் வரவில்லை. பத்து நிமிடம் ஆனதும் கொண்டுபோய் மாப்பிள்ளையின் கையில் கொடுத்தான். விரல்கள் மூடிக்கொண்டன. மாப்பிள்ளை ட்ரம்பெட்டை உயர்த்தி உதட்டில் வைத்தது.

வாசித்தது. என்னவென்று சொல்வது? தம்பி பத்து வருடம் பாடுபட்டு எட்டிப் பிடித்த இடத்தில் மாப்பிள்ளை சாவகாசமாக நின்று வேடிக்கை பார்த்தது. முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிந்ததும் கூரை அதிரத் தட்டினார்கள். இன்ஜினியர் மேடைக்குப் போய், மேலிடத்துக்கும் ஹோட்டலுக்கும் நன்றி சொன்னாள். பிறகு பக்கவாட்டுக் கதவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"இதோட உயிரே உதடுதான். அந்த உதட்டச் செஞ்சவங்க இங்கதான் இருக்காங்க. வாங்கக்கா."

பல்லக்கா மேடை ஏறினாள். டப்பாவை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அத்தனை விளக்கும் அவள் முகத்தில் அடித்தது. கைதட்டினார்கள். அவளுக்காக, அவள் செய்த பொருளுக்காக, முந்நூறு பேர். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து உரக்கக் கேட்டார்: "அச்சு அசல் மனுஷ உதடா இருக்கேம்மா! இது யாரோட உதடு? அந்தக் கலைஞர் யாரு?"

இன்ஜினியரும் ஆவலாக அவள் பக்கம் திரும்பினாள். அவளுக்கும்தான் இதுவரை தெரியாதே. எதிர்ப்பக்கத்தில், திரையருகே, தம்பி மேடையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்து நின்றான். மாப்பிள்ளையிடமிருந்து ட்ரம்பெட்டை வாங்கிக்கொண்டு போக வந்தவன்தான். வேறொன்றுக்கும் வரவில்லை. ஆனால் அவன் முகத்தை அவள் பார்த்துவிட்டாள். ஒரு பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் முந்நூறு தலையும் அந்தப் பக்கம் திரும்பும். இந்தக் கைதட்டல் எழுந்து, மேடையைக் கடந்து, அவனிடம் போய்விடும். எப்போதும் போகிற இடத்துக்குத்தான் போகும்.

"யாரோடதும் இல்லைங்க" என்றாள் பல்லக்கா. குரல் மைக்கில் தெளிவாகக் கேட்டது. "நானா யோசிச்சு செஞ்சது."

முன்பைவிடப் பெரிதாகத் தட்டினார்கள். நாற்காலிகள் உரச எழுந்து நின்றார்கள். தம்பி நடந்து வந்து மாப்பிள்ளையின் விரல்களைப் பிரித்து ட்ரம்பெட்டை எடுத்தான், உள்ளே தேங்கிய தண்ணீரைத் துணியில் கொட்டித் துடைத்தான். அத்தனை பேரும் தட்டிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் சும்மா நிற்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்தானோ என்னவோ, ட்ரம்பெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவனும் தட்டினான்.

பல்லக்கா எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டாள். அவன் நின்ற பக்கமும் கும்பிட்டாள்.